படியளப்பவர் மாறலாம்
சிறிய பட்டறைகள் – 7

காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டவன் பிழைத்தான், மாறாதவன் கடையைச் சாத்தினான். படத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு முழு அத்தியாயத்தையே ஓட்டிவிடுவார்கள். இந்தத் தொடரிலும் ஓரிரு இடங்களில் அது நுழைந்திருக்கக்கூடும். எது மாறியது, எது மாறாமல் கிடந்தது என்று பிரித்துக் கேட்காதவரை அந்த வாக்கியம் உப்பில்லாத பண்டம். பிரித்துக் கேட்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் இருக்கும் ஆர்ட்மன் நிறுவனத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 1972இல் தொடங்கியது. இன்றும் அங்கே பிளாஸ்டிசின் களிமண்ணில் பொம்மை பிடித்து, அதன் கையைக் கொஞ்சம், புருவத்தைக் கொஞ்சம் நகர்த்தி, ஒவ்வொரு ஃப்ரேமாகப் படம் பிடிக்கிறார்கள்; இதற்குப் பெயர் ஸ்டாப் மோஷன். விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு அனிமேட்டர் ஒரு நாளில் இரண்டு விநாடிக்கான காட்சியை முடித்தால் அது நல்ல நாள். 80 நிமிடப் படத்தை ஒரே ஆள் எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஞாயிறு, பண்டிகை பாராமல் ஆறரை ஆண்டு. கணினி இதையெல்லாம் எளிதாக்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கைவேலையை விடாமலே இந்த நிறுவனம் நான்கைந்து முறை புதிதாகப் பிறந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மாறியது படியளந்தவர்தான் என்பது என் வாதம்.

பீட்டர் லார்டும் டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும் வோக்கிங் நகரில் பள்ளித் தோழர்கள். ஸ்ப்ராக்ஸ்டனின் தந்தை பிபிசியில் தயாரிப்பாளர். அவருடைய காமிராவில்தான் இரண்டு பையன்களும் விளையாடினார்கள். காது கேளாத குழந்தைகளுக்காக பிபிசி நடத்திய ‘விஷன் ஆன்’ நிகழ்ச்சிக்கு ஒரு சின்னத் துண்டுப் படத்தை விற்றார்கள். சூப்பர்மேனைக் கேலி செய்யும் அந்தப் படத்தின் நாயகன் பெயர் ஆர்ட்மன். அதுவே நிறுவனத்தின் பெயருமாயிற்று. கவனிக்க வேண்டியது, அந்த முதல் படம் கோட்டுச் சித்திரம், களிமண் இல்லை. களிமண்ணுக்கு அவர்கள் வந்ததைக் கலை ஞானோதயம் என்று சொல்வதற்கில்லை. கோட்டுச் சித்திரப் படத்துக்கு வரைய ஒருவர், மை இழுக்க ஒருவர், வண்ணம் பூச ஒருவர் என்று கூட்டம் வேண்டும். களிமண்ணுக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு பேர் போதும். 1976இல், அந்த நிகழ்ச்சி தயாரான பிரிஸ்டலுக்கே குடிபெயர்ந்தார்கள். மறு ஆண்டு டோனி ஹார்ட்டின் ‘டேக் ஹார்ட்’ நிகழ்ச்சியில் மார்ஃப் என்ற களிமண் குட்டன் தோன்றினான். பிரிட்டிஷ் குழந்தைகள் ஒரு தலைமுறைக்கு அவனை மறக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி எத்தனை நாள் உலை வைக்க முடியும்?

இரண்டாவது பிறப்புக்கு ஒரு சட்டம் துணை வந்தது. 1982 நவம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கிய சேனல் 4, நிகழ்ச்சிகளைத் தானே தயாரிப்பதில்லை, வெளியாரிடமிருந்து வாங்குவது என்ற ஏற்பாட்டின்மேல் நிறுவப்பட்டது. சிறு தயாரிப்பாளர்களுக்கு அப்படி ஒரு சந்தை அதற்கு முன் பிரிட்டனில் இருந்ததில்லை. சாதாரண மனிதர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்து, அந்தக் குரலுக்குக் களிமண் பொம்மைகளை நடிக்கவைக்கும் முறையை ஆர்ட்மன் ஏற்கெனவே பிபிசிக்காகச் சோதித்துப் பார்த்திருந்தது. சேனல் 4 அதை வரிசையாக எடுக்கச் சொன்னது. அதன் உச்சம் 1989இல் நிக் பார்க் இயக்கிய ‘கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்’. வாடகை வீட்டிலும் விடுதியிலும் இருப்பவர்கள் தங்கள் இருப்பிடத்தைப் பற்றிச் சொன்னதை மிருகக்காட்சிசாலை விலங்குகளின் வாயில் வைத்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த ஒருவர் இடமும் வெயிலும் போதவில்லை என்று சலித்துக்கொண்டது, கூண்டுக்குள் கிடக்கும் ஒரு விலங்கின் புலம்பலாயிற்று. ஐந்து நிமிடப் படம். அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. அதே ஆண்டு அதே பிரிவில் தோற்ற படங்களில் ஒன்று, அதே நிக் பார்க்கின் ‘எ கிராண்ட் டே அவுட்’. வாலஸ், க்ராமிட் என்ற மனிதரும் நாயும் வரும் முதல் படம்.

இந்த இரண்டாவது படத்தில் கொஞ்சம் நிற்கலாம். அதை நிக் பார்க் 1982இல் திரைப்படக் கல்லூரி மாணவராகத் தொடங்கினார், முடியவில்லை. 1985இல் ஆர்ட்மன் அவரை வேலைக்கு எடுத்து, மற்ற வேலைகளுக்கு நடுவே அதையும் முடிக்க இடம் கொடுத்தது. மற்ற வேலைகள் என்றால் முக்கியமாக விளம்பரங்கள், பாட்டு வீடியோக்கள். 1986இல் பீட்டர் கேப்ரியலின் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ பாட்டில் ஆடும் கோழிகள் நிக் பார்க்கின் கைவண்ணம். விளம்பரக் காசு கலையைக் கெடுக்கும் என்பவர்களுக்கு இங்கே பதில் இருக்கிறது. ‘கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்’ பாணியிலேயே மின்சார அடுப்புக்கும் ஹீட்டருக்கும் விளம்பரங்கள் எடுத்தார்கள். விளம்பரம் எது, படம் எது என்று இன்றும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கலை தேய்ந்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமிருக்காது. ஏழு ஆண்டு இழுத்த படம் வெளியே வந்ததற்குக் காரணம், அந்த ஏழு ஆண்டில் பிற்பாதிக்குச் சம்பளம் வேறு எங்கிருந்தோ வந்தது என்பதே. க்ராமிட்டுக்கு வாய் கிடையாது. முதலில் அது பேசுவதாகத்தான் திட்டம். வாயை அசைப்பது பெரும்பாடு, புருவத்தை லேசாக அழுத்தினாலே முகம் பேசிவிடுகிறது என்று எடுக்கும்போது தெரிந்ததும் வாயை விட்டுவிட்டார்கள். நேரமும் ஆளும் தாராளமாக இருந்திருந்தால் உலகம் இன்னொரு வாயாடி நாயைப் பெற்றிருக்கும்.

1993இல் ‘தி ராங் ட்ரவுசர்ஸ்’, 1995இல் ‘எ க்ளோஸ் ஷேவ்’, இரண்டுக்கும் ஆஸ்கர். பிறகு ஹாலிவுட் வந்தது. ட்ரீம்வொர்க்ஸுடன் சேர்ந்து எடுத்த ‘சிக்கன் ரன்’ 2000இல் வெளியாகி 22 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஸ்டாப் மோஷன் படங்களில் அந்த வசூலை இதுவரை எதுவும் தாண்டவில்லை. 2005இல் வந்த முதல் முழுநீள வாலஸ்–க்ராமிட் படம் உலகெங்கும் 19 கோடி டாலர் ஈட்டி ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் அமெரிக்காவில் மட்டும் பார்த்தால் 5.6 கோடி, ட்ரீம்வொர்க்ஸின் கண் அந்த எண்ணில் இருந்தது. (அமெரிக்காவில் அந்தப் படம் முதலிடம் பிடித்ததாகச் செய்தி வந்த நாளிலேயே, பிரிஸ்டலில் பழைய செட்டுகளும் பொம்மைகளும் இருந்த கிடங்கு தீப்பற்றிச் சாம்பலானது. பாகிஸ்தானில் நிலநடுக்கம் நடந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் இது பெரிய இழப்பில்லை என்றார் நிக் பார்க்.) அடுத்த ஆண்டு வந்த ‘ஃப்ளஷ்டு அவே’ முழுக்கக் கணினியில் செய்த படம். கதை சாக்கடை வெள்ளத்தில் நடக்கிறது. களிமண் பொம்மையை வைத்துக்கொண்டு தண்ணீரைக் காட்டுவது எளிதில்லை. படம் கலிபோர்னியாவில் ட்ரீம்வொர்க்ஸ் கூடத்தில் உருவானது. விளைவு, ட்ரீம்வொர்க்ஸ் தன் கணக்கில் 10 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் எழுதியது. 2007 தொடக்கத்தில் இருவரும் பிரிந்தார்கள்.

களிமண்ணை விட்டதுதான் பாவம், அதற்குத் தண்டனை கிடைத்தது என்று இந்த இடத்தில் கதையை முடிக்க ஆசையாக இருக்கும். உண்மை ஒத்துழைக்காது. சோனியின் பணத்தில் 2011இல் ஆர்ட்மன் எடுத்த ‘ஆர்தர் கிறிஸ்துமஸ்’ம் முழுக்கக் கணினிப் படம்தான், நல்ல படம், விமர்சகர்களும் மெச்சினார்கள். அதிலும் கணினி வேலை கலிபோர்னியாவில் நடந்தது. ஆனால் அதற்கு முன்பே கதையும் உருவங்களும் ஒன்றரை ஆண்டு இங்கிலாந்தில் ஊறின. கருவியைவிட, எந்த நகைச்சுவை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே முக்கியமாகிறது. 10 கோடி போட்டவர் அதைத் தீர்மானிக்க விரும்புவது இயற்கை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ட்ரீம்வொர்க்ஸைப் பிரிந்த பிறகு நடந்ததை நான் மிகவும் ரசிக்கிறேன். ‘எ க்ளோஸ் ஷேவ்’ படத்தில் ஓரமாக வந்துபோன ஒரு செம்மறிக் குட்டியை எடுத்து, 2007இல் ‘ஷான் தி ஷீப்’ என்று ஏழு நிமிடத் தொடராக்கினார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை; பண்ணைக்காரர் முனகுவார், ஆடுகள் கத்தும், அவ்வளவுதான். உதட்டசைவு இல்லாததால் வேகமாக எடுக்கலாம். மொழி இல்லாததால் டப்பிங் செலவில்லை, எந்த நாட்டுக்கும் அப்படியே விற்கலாம். நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. ஒரே பெரிய முதலாளியின் இடத்தில் நூறு சின்ன வாடிக்கையாளர்கள் வந்தார்கள். 2015இல் வந்த ஷான் முழுநீளப் படமும் ஊமைப் படம்தான். அதுவும் 10 கோடி டாலரைத் தாண்டியது. க்ராமிட்டின் வாயை எடுத்தபோது கற்ற பாடம் இருபது ஆண்டு கழித்து வியாபாரத் திட்டமாகிவிட்டது.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பிபிசியும் சேனல் 4ம் இல்லாத நாட்டில் இது நடக்குமா? நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். முதல் பதினைந்து ஆண்டுகளில் லாப நோக்கில்லாத இரண்டு ஒளிபரப்பாளர்கள் விலை கொடுத்து வாங்காமலிருந்தால் லார்டும் ஸ்ப்ராக்ஸ்டனும் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே மற்றவர்கள் அப்படியே பின்பற்றக்கூடிய சூத்திரம் ஏதும் இதில் இல்லை. ஆனால் அதே வாய்ப்பு அந்த நாட்டில் இன்னும் எத்தனையோ தயாரிப்பாளர்களுக்கும் இருந்தது. வாய்ப்பு ஒவ்வொன்றும் தீரும் முன்பே அடுத்ததைத் தேடியவர்கள் சிலரே. முப்பத்தைந்து ஆண்டாக அதே வாலஸ், அதே க்ராமிட், இதற்குப் பெயர் மறுபிறப்பா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பழைய பாத்திரங்களை விற்றே நாளை ஓட்டும் ஆபத்து அவர்களுக்கு இருக்கிறது. 2023இல் வந்த ‘சிக்கன் ரன்’ இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் நிழல்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

2018 நவம்பரில், வயது ஏறிக்கொண்டிருந்த இரு நிறுவனர்களும் 75 சதவீதப் பங்குகளை ஊழியர்களின் அறக்கட்டளைக்கு மாற்றினார்கள். தங்களுக்குப் பின் ஏதாவதொரு பெரிய நிறுவனம் வாங்கி விழுங்கிவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஊழியர் உடைமையானதால் படம் தானாக நன்றாக வந்துவிடாது. வாசலில் நிற்பவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை வீட்டுக்குள்ளேயே தங்கும், அந்த அளவே அதன் பயன். ஓடிடி காலத்தில் அந்த உரிமைக்கு விலை அதிகம். 2024 கிறிஸ்துமஸ் அன்று வந்த ‘வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபவுல்’ என்ற வாலஸ்–க்ராமிட் படத்தை பிரிட்டனில் பிபிசி ஒளிபரப்பியது, உலகின் பெரும்பகுதிக்கு ஓரிரு வாரத்தில் நெட்ஃபிளிக்ஸ் கொண்டுபோனது. எல்லா வேலையையும் இயந்திரத்திடம் விட்டுவிட்டு அவதிப்படும் ஒருவரைப் பற்றிய கதை அது.

ஆர்ட்மன் பயன்படுத்திவந்த பிளாஸ்டிசின், இங்கிலாந்தின் டார்க்கீ ஊரிலிருந்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் தயாரானது. அதை நடத்தியவர்கள் ஓய்வுபெற்றார்கள். 2023இல் தொழிற்சாலை மூடப்பட்டது. மிச்சமிருந்த களிமண் முழுவதையும் ஆர்ட்மன் வாங்கி அடுக்கிவைத்துக்கொண்டது.

(அடுத்த வாரம்: அயர்லாந்தின் கில்கென்னி – கார்ட்டூன் சலூன்)