மருத்துவக் கல்விப் பணியில் பாலினச் சமத்துவம்

மருத்துவக் கல்லூரிகளில் கற்பித்தல், ஆய்வு, நிருவாகம் ஆகிய பணிகளிலும் அவற்றின் பதவி உயர்விலும் ஆண்களுக்கு இணையான வாய்ப்பு பெண்களுக்குக் கிடைப்பதே மருத்துவக் கல்விப் பணியில் பாலினச் சமத்துவம் எனப்படுகிறது. மாணவியாகச் சேர இடம் கிடைப்பது வேறு, துறைத்தலைவர் பதவி கிடைப்பது வேறு. அமெரிக்காவின் இரு பெரிய கல்லூரிகளின் வரலாறு இதைக் காட்டுகிறது.

பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி பணமின்மையால் திறக்கப்படாமல் இருந்தது. மேரி எலிசபெத் காரெட் என்ற செல்வந்தர் 3 இலட்சம் டாலருக்கு மேல் வழங்கினார். ஆண்களுக்குரிய அதே விதிகளின்படி பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 1893 இல் கல்லூரி திறந்தபோது முதல் வகுப்பில் 3 பெண்கள் இருந்தனர்.

அங்கு படித்து 1900 இல் பட்டம் பெற்ற புளோரன்ஸ் சபின், உடற்கூற்றியல் துறையில் ஆசிரியரானார். நிணநீர்க் குழாய்கள் சிரைகளிலிருந்து கிளைத்து வளர்கின்றன என்பதைப் பன்றிக் கருக்களை ஆராய்ந்து விளக்கினார். 1917 இல் துறைத்தலைவர் பிராங்க்ளின் மால் இறந்தார். அப்பதவி சபினுக்கே வரும் எனப் பலர் எதிர்பார்த்தனர். ஆனால் அவரிடம் முன்பு பயின்ற லூயிஸ் வீட் நியமிக்கப்பட்டார். சபினுக்கு இழையியல் பேராசிரியர் பதவி தரப்பட்டது. அக்கல்லூரியின் முதல் பெண் முழுப்பேராசிரியர் அவரே என்றாலும், அதை ஓர் ஆறுதல் பரிசாகவே கொள்ள வேண்டியிருக்கிறது. 1925 இல் அவர் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றார். அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஹார்வர்டின் நிலை இன்னும் விசித்திரமானது. ஈய நச்சு போன்ற தொழில்சார் நோய்களில் வல்லுநரான ஆலிஸ் ஹாமில்டன் 1919 இல் அங்கு உதவிப் பேராசிரியரானார். ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்துச் சீட்டுகளைக் கேட்கக்கூடாது என்ற கட்டுப்பாடுகளும் உடன் வந்தன. 1935 இல் ஓய்வு பெற்றபோதும் அவர் உதவிப் பேராசிரியர்தான். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி மாணவிகளைச் சேர்த்தது அதற்கும் பின்னர், 1945 இல்.

2019 இல் அமெரிக்க மருத்துவ மாணவர்களில் பெண்கள் முதன்முறையாகப் பாதியைத் தாண்டினர். அப்போதும் முழுப்பேராசிரியர்களில் அவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. பதவி உயர்வு ஆய்வுக்கட்டுரைகள், ஆய்வு நிதி, மூத்தோரின் பரிந்துரை ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றைச் சேர்க்க வேண்டிய ஆண்டுகளும் மகப்பேற்று ஆண்டுகளும் ஒன்றாகவே அமைகின்றன. ஆகவே சில பல்கலைக்கழகங்கள், குழந்தை பிறந்தால் நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டுக் காலத்தை நீட்டித்துத் தருகின்றன. நீட்டிப்பைக் கேட்டுப் பெறுவதா, கேட்காமலே வழங்குவதா என்பதில் அவற்றின் விதிகள் வேறுபடுகின்றன.