உடற்பயிற்சியும் மனவுறுதியும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர் நம் பெரியோர். உடல் நலமுடன் இருந்தால்தான் கல்வியும் சிறக்கும். இதனை உணர்ந்தே மாணவர் பலர், ஆண்டுத் தொடக்கத்தில் ஆர்வத்துடன் ஓட்டப் பயிற்சியில் இறங்குகின்றனர். ஆனால், விளையாட்டுப் போட்டி நாள் நெருங்குவதற்குள் திடலில் எஞ்சியிருப்போர் சிலரே. இடையில் நின்றவர் அனைவரும் சோம்பேறிகள் அல்லர். ஒருவனுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டது. மற்றொருவன் எவ்வளவு ஓடியும் வேகம் கூடவில்லையே என்று மனம் சோர்ந்தான். இத்தகைய தடைகளைக் கடப்பது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

முதற்கண், நம் உடலின் இயல்பை அறிதல் வேண்டும். பயிற்சியின்பொழுது தசைகள் களைப்படைகின்றன. நல்ல உணவும் உறக்கமும் பெற்று ஓய்ந்திருக்கும் வேளையிலேயே அவை முன்னிலும் உறுதி பெறுகின்றன. ஆதலின், ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே ஆகும். மேலும், தொடக்க வாரங்களில் முன்னேற்றம் விரைந்து தோன்றும். பின்னர் அது மெதுவாகும். இஃது எல்லார்க்கும் பொது. இதனை அறியாதார், "எனக்கு இது வராது" என முடிவு கட்டிவிடுகின்றனர்.

நோயாலோ காயத்தாலோ சில வாரங்கள் பயிற்சி நின்றுபோனால் வலிமை குறைவது உண்மையே. ஆயினும், முன்பே பயின்ற உடல், புதிதாகத் தொடங்கும் உடலைவிட விரைவில் தேறும். காய்ச்சலும் வலியும் உள்ளபொழுது ஓடுதல் வீரமன்று; அறியாமையே. நலமடைந்த பின்னர், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் சிறிய அளவிலிருந்து தொடங்க வேண்டும். திடலை ஆறு முறை சுற்றியவன் முதலில் மூன்று முறை சுற்றட்டும்.

சிங்கப்பூர் ஓட்டக்காரர் குணாளன் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1966ஆம் ஆண்டு பேங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், 100 மீட்டர் ஓட்டத்தில் மலேசிய வீரர் மணி ஜெகதீசனிடம் மயிரிழையில் தங்கப் பதக்கத்தை இழந்து வெள்ளி பெற்றார். அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. இரண்டாண்டுகள் கழித்து, 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அதே தொலைவை 10.38 விநாடியில் ஓடினார். அங்குப் பதக்கம் கிட்டவில்லை. ஆனால், அவர் ஓடிய அந்த நேரம் 2001ஆம் ஆண்டு வரை, 33 ஆண்டுகள் சிங்கப்பூரின் தேசியச் சாதனையாக நிலைத்தது. பிறரை வெல்ல இயலாத நாளிலும் நேற்றைய தம்மை வெல்லலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆகவே, மாணவமணிகளே! சிறு குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிய தொலைவையும் நேரத்தையும் நாள்தோறும் எழுதுங்கள். மனம் சோர்வுறும்பொழுது முதற் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நீங்கள் கடந்து வந்த வழி கண்முன் தெரியும். தனியே ஓடுவதைவிட ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் தளரும் நாளில் மற்றவர் அழைத்துச் செல்வார். ஒரு நாள் தவறினால் வருந்தற்க. மறுநாள் மறவாது திடலுக்கு வருக.

போட்டியில் முதற்பரிசு பெறுபவர் ஒருவரே. ஆனால், விழுந்தபின் எழுந்து ஓடும் மனவுறுதியை நாம் அனைவரும் பெறலாம். அது பள்ளித் திடலோடு நின்றுவிடாது. வாழ்நாள் முழுவதும் நமக்குத் துணை நிற்கும்.