கடைக்கோடித் தெருவும் பதினேழு லட்சியங்களும்

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நியூயார்க்கில் கூடிய தேசங்கள், 2030-க்குள் பூமியில் பசியும் வறுமையும் ஒழிய வேண்டும், நீரும் நிலமும் காற்றும் கெடாமல் வருங்கால சந்ததிக்கும் கிடைக்க வேண்டும் என்று நிச்சயித்து ஏற்றுக்கொண்ட 17 லட்சியங்களும், அவற்றின் கிளைகளான 169 இலக்குகளும், டில்லி, சென்னை, மாவட்டம், ஒன்றியம் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் வந்து சேர்ந்திருக்கும் இடம் ஊராட்சி மன்ற அலுவலகத்தின் ஒற்றை மேஜை. மேஜைமேல் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், வீட்டு வரி ரசீதுப் புத்தகம். மேஜைக்குப் பின்னால், ஊர் ஜனங்கள் இன்றும் ‘கிளார்க்கு’ என்றே சொல்லுகிற ஊராட்சிச் செயலர். தூய்மைக் காவலர்களும் டேங்க் ஆபரேட்டரும் வெளியே வேலை பார்க்க, எழுத்து வேலை முழுவதும் இந்த ஒரு மனிதருடைய தலையில் விடிகிறது.

அந்த எழுத்து வேலை சாமான்யமானதன்று. 17 லட்சியங்களையும் கிராமத்துக்கு ஏற்றவாறு ஒன்பது கருப்பொருள்களாக மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் வகுத்திருக்கிறது. வறுமையற்ற கிராமம், நீர்வளம் மிக்க கிராமம், பெண்களுக்கு உகந்த கிராமம் என்ற வரிசையில் போகும் அந்த ஒன்பதையும் அளப்பதற்கு 435 அளவீடுகள். அவற்றுக்கு வேண்டிய விவரங்கள் 566. அங்கன்வாடியில் எடை குறைந்த குழந்தைகள் எத்தனை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவான பிரசவங்கள் எத்தனை, பள்ளியிலிருந்து நின்றுபோனவர் எத்தனை என்று இலாகா இலாகாவாகக் கேட்டு வாங்கித்தான் நிரப்பியாக வேண்டும். 2022-23-ஆம் ஆண்டுக்கான மதிப்பெண்கள் 2025 ஏப்ரலில் வெளியானபோது, கணக்கில் சேர்ந்த 2,16,285 ஊராட்சிகளில் 90 மதிப்பெண்ணை எட்டியது ஒன்றுகூட இல்லை. 75-ஐத் தாண்டியவை 699 மட்டுமே. இதைப் படித்துச் சிலர் துக்கப்பட்டார்கள். எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாகவே இருந்தது. எல்லா ஊரும் முதல் வகுப்பில் தேறியிருந்தால், அந்தப் பரீட்சையின்மேல் எவருக்கு நம்பிக்கை வந்திருக்கும்?

பாலாற்றுப் பிரதேசத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் ஓர் ஊராட்சியில், இந்த லட்சியங்கள் நடைமுறையில் என்ன ரூபம் எடுக்கின்றன என்று பார்த்து வரும்படி பத்திரிகை என்னை அனுப்பியது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கும் வண்டி தெருவில் வந்தது. மண்புழு உரக் கூடம் ஒன்று இருந்தது. நூறு நாள் வேலையில் வளர்த்த நாற்றங்காலில் புங்கனும் வேம்பும் வரிசையாக நின்றன. இவையெல்லாம் நல்ல காரியங்கள்தாம், புகைப்படத்துக்கும் ஏற்றவை. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓர் ஊராட்சி, சொந்தச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையை 2006-லேயே நிறுவி, உபரி மின்சாரத்தை விற்று வருமானம் பார்த்த கதையும் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஐக்கிய நாட்டுச் சபை லட்சியங்களை எழுதுவதற்கு ஒன்பது வருஷம் முன்பே அந்த ஊர் எரிசக்தி என்ற ஏழாவது லட்சியத்தில் கை வைத்துவிட்டது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். ஏனெனில் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது ஆறாவது லட்சியமாகிய தண்ணீர்.

ஊரின் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019-இல் தொடங்கிய குழாய்நீர்த் திட்டத்தின் வரையறை; அதாவது நால்வர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், நம் பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய பதினைந்து குடம். ஒருமுறை நிரம்பிய தொட்டி இந்தக் கணக்கில் 545 பேருக்குத்தான் காணும். ஆகவே மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட்டு, இரண்டாம் முறையும் தொட்டியை நிரப்பி, எந்தத் தெருவின் கேட் வால்வை எத்தனை நிமிஷம் திறப்பது என்று தீர்மானிக்கிறவர், கையில் நீளமான இரும்புச் சாவியோடு சைக்கிளில் திரியும் டேங்க் ஆபரேட்டர். மேட்டுத் தெருவுக்கு அழுத்தம் போதாது, கோயில் தெருவில் நான்கு வீட்டார் குழாயில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், பழைய கிணற்றுத் தண்ணீர் சித்திரையில் உவர்த்துப்போகும் என்ற சாஸ்திரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். கணினியில் இவற்றில் ஒன்றும் ஏறியதில்லை.

கடைக்கோடித் தெருவுக்கு அவருடன் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அரசு போட்ட குழாய் இருக்கிறது. ஆனால் நிமிர்ந்து நிற்கும் குழாய் அரிது. அழுத்தம் குறைந்து அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறாததால், ஜனங்கள் குழாயை அறுத்துத் தாழ்த்தி, வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் குடத்தை இறக்கிப் பிடிக்கிறார்கள். “ஏம்பா, மோட்டார் போட்டியா இல்லியா? இன்னும் சொட்டுகூட வரலியே” என்று ஆபரேட்டரைக் கேட்ட ஒரு கிழவிக்கு, “மேட்டுத் தெரு முடியட்டும் ஆயா, திருப்பிவுட்டுட்டுத்தான் வரேன்” என்று பதில் கிடைத்தது. தண்ணீர் நின்றதும் குழியில் தேங்கிய கலங்கல் குழாய்க்குள் பின்வாங்குகிறது. மறுநாள் முதற்குடம் அந்தக் கலங்கலோடுதான் வரும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது நியமம். தொட்டியில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் கரைத்தால்தான் என்ன, இந்தக் குழிகளைத் தாண்டி அது நிலைக்குமா? ஆறாவது லட்சியத்துக்காகப் போட்ட குழாயே, ஆரோக்கியம் என்ற மூன்றாவது லட்சியத்துக்கு விரோதியாகிறது. ஆனாலும் விவரப் படிவத்தில் அந்தத் தெருவின் இணைப்புகள் நூற்றுக்கு நூறு. செயலர் பொய் எழுதவில்லை. வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறதென்பது பிரத்தியட்சமான உண்மை.

என் கவலை இங்கே தொடங்குகிறது, இதைவிட்டு அப்பால் போகவும் எனக்கு மனமில்லை. சிறிய அலுவலகம் ஒன்று தன் கணக்கை யாரிடம் ஒப்பிக்கிறது? பாலாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் உத்தரமேரூரில், பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் கல்லில் வெட்டிய சபை விதிகளின்படி, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவன். அவன் உறவினருக்கும் அதே கதி. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை. என்றாலும் அங்கே கணக்குக் கேட்டது, ஏரித் தண்ணீர் வராவிட்டால் எவருடைய வயல் காயுமோ அந்த ஊராரே. இன்று 566 விவரங்களும் மேல்நோக்கிப் பறக்கின்றன. மேலிருந்து மதிப்பெண் திரும்பி வருகிறது. நடுவில் குழிக்குள் குடம் இறக்குகிறவளுக்கு, தன் தெரு நூற்றுக்கு நூறு வாங்கிய விஷயமே தெரியாது. தெரிந்திருந்தால் அவள் சும்மா இருந்திருப்பாளா?

எண்கள் இல்லாவிட்டால் பின்தங்கிய ஊர் எதுவென்று சர்க்காருக்கு எப்படித் தெரியும், பணம் எங்கே அனுப்புவது என்று கேட்பவர்கள் உண்டு; அவர்கள் கேள்வியிலும் நியாயம் இருக்கலாம்.

கணக்கை ஊருக்கு முன் வைப்பதற்கென்று கிராம சபை இருக்கத்தான் இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களோடு உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசித்தது காதில் விழுவதற்குள் எழுந்துபோவதுதான் பல ஊர்களின் வழக்கம். போதாக்குறைக்கு 28 மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016-க்கும் 2019-க்கும் இடையிலும் இதே நிலைதான். நிற்க வைத்துக் கேள்வி கேட்பதற்கு ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத காலத்தில், கணக்கு மேலே போவதைத் தவிர வேறு எங்கே போகும்?

நான் பார்த்த ஊரில் செயலர் ஒரு காரியம் செய்திருந்தார். கடந்த கிராம சபையில், தெருவாரியாகக் குழாய் விவரத்தை வாய்விட்டு வாசித்திருக்கிறார். கடைக்கோடித் தெரு நூறு சதவீதம் என்றதும் பெண்கள் எழுந்துகொண்டார்களாம். அரை மணி நேரம் அடுத்த பொருளுக்குப் போக முடியவில்லை. தொட்டியிலிருந்து அந்தத் தெருவுக்குத் தனிக் குழாய் பதிக்கத் தீர்மானமாயிற்று. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கியதாகையால், மதிப்பீடு தயாராகி ஒன்றியப் பொறியாளரிடம் போயிருக்கிறது. அது மஞ்சூராகும் வரையில் வால்வு திறக்கும் வரிசையைத் தலைகீழாக்கி, விடிந்ததும் முதல் தண்ணீரைக் கடைசித் தெருவுக்கே விடுவதென்று முடிவு செய்தார்கள். கோயில் தெருக்காரர் இருவர் இதை ஆட்சேபித்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆட்சேபமும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.