சுருள் முடிக்குப் பத்து நாள் கவனிப்பு போதாது

முடி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்தனுப்புவார்கள். தலையைச் சொறியாதீர்கள், வெயிலில் நிற்காதீர்கள், நீச்சல் குளத்துக்குப் போகாதீர்கள், பத்து நாளில் பொருக்கு உதிர்ந்துவிடும் என்று அதில் இருக்கும். அந்தத் தாளில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் நேரான முடியை, வெளிர் நிறத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுக்கமான சுருள் முடிக்கும் அதையே கொடுத்தால் பாதிப் பராமரிப்புதான் நடக்கும். இந்த முடிக்கு உண்மையான சோதனை பத்தாம் நாளுக்குப் பிறகே வருகிறது. முடி மறுபடி முளைக்கும் மாதங்களில் ஒரு முறையும், பழைய சிகை அலங்காரத்துக்குத் திரும்பும்போது இன்னொரு முறையும் வருகிறது. லாகோஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் இஸ்தான்புலுக்குப் போய் முடி நட்டுக்கொண்டு சில நாளில் ஊர் திரும்புகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மாதங்களில் அறுவை செய்த மருத்துவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

தோலுக்குள்ளேயே வளையும் வேர்

சுருள் முடி தோலுக்கு வெளியே வந்த பிறகு சுருள்வதில்லை. தோலுக்கு அடியில் மயிர்க்காலே வளைந்துதான் இருக்கிறது. முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாகத் தெரியும். மயிர்க்கால்களை ஒவ்வொன்றாக எடுக்கும் எஃப்.யூ.இ. முறையில், குழல் போன்ற நுண்கருவி தோலுக்குள் நேராக இறங்குகிறது. வேரோ வளைந்து போகிறது. அதனால் வேர் பாதியில் அறுபடும் வாய்ப்பு அதிகம். இதைத் தவிர்க்கப் பல மருத்துவர்கள் சற்று அகலமான கருவியைப் பயன்படுத்துகிறார்கள். சிலர் பிடரியிலிருந்து தோலைப் பட்டையாக எடுத்துப் பிரிக்கும் பழைய முறையையே தேர்கிறார்கள். எப்படிச் செய்தாலும் முடி எடுத்த இடத்தில் காயம் சற்றுப் பெரிதாகவே இருக்கும்.

ஆகவே முன்நெற்றியில் நட்ட முடியை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காத்துவிட்டுப் பின்தலையை மறந்துவிடுவது சரியல்ல. கருந்தோலில் ஆறிய புண் கருமையாகவோ, நிறம் வெளிறிய புள்ளிகளாகவோ நிற்கக்கூடும். தலையை ஒட்டச் சிரைத்துக்கொள்கிற ஆண்களுக்கு அந்தப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். பிடரியில் குருவாகத் தொடங்கித் தழும்பாக இறுகும் ஒரு நோயும் கறுப்பின ஆண்களிடம் அதிகம். ஒட்டச் சிரைப்பது அதைத் தூண்டும். காயம் ஆறியதுமே முடிதிருத்தகத்துக்குப் போய்ப் பின்தலையை வழித்துக்கொள்ளும் பழக்கத்தைச் சில மாதங்களுக்காவது தள்ளிப்போட வேண்டும்.

முதல் பத்து நாள்: எல்லோருக்கும் பொது, எண்ணெய் நீங்கலாக

நட்ட முடி எப்போது வேரூன்றுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர்கள் பெர்ன்ஸ்டைனும் ராஸ்மனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகச் சொல்கிறது. முதல் இரண்டு நாளில் முடியைப் பிடித்து இழுத்தால் நட்டதும் கூடவே வந்தது. ஒட்டியிருக்கும் பொருக்கைப் பிய்த்தால் ஐந்தாம் நாள் வரை வந்தது; பிறகு அந்த ஆபத்து குறைந்துகொண்டே போய், ஒன்பதாம் நாளில் இல்லாமல் போனது. முடி எந்த வடிவமானாலும் காயம் ஒரே மாதிரிதானே ஆறும், தனியாகச் சுருள் முடிக்கென்று எதற்குப் பேச்சு என்று கேட்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். முதல் பத்து நாளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி.

ஆனால் அந்த நாட்களிலேயே ஓர் இழுபறி உண்டு. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் சுருள்களைத் தாண்டி நுனி வரை இறங்காது. அதனால் முடி உலர்ந்து எளிதில் ஒடியும். இந்த முடிக்கு வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ தலை அலசினால் போதும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவச் சங்கமே சொல்கிறது. ஷீ வெண்ணெயையோ ஆமணக்கெண்ணெயையோ தலைத்தோலில் தேய்ப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அறுவைக்குப் பின்னோ மருத்துவர் தினமும் அலசச் சொல்வார். எண்ணெயை விட்டால் முடி உடைந்துபோகும் என்ற கவலை நியாயமானதே. என்றாலும் கெட்டியான எண்ணெய்ப் பூச்சு பொருக்கோடு கலந்து படலமாகி ஒட்டிக்கொள்ளும்; பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கும் எண்ணெய்தான் தீனி. முதல் சில வாரங்களில் ஈரப்பதம் தரும் பூச்சைப் பழைய முடியின் தண்டில் மட்டும் தடவலாம், தோலில் படக்கூடாது. மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து, ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் மென்மையான ஷாம்பூவைக் கரைத்து மெதுவாக ஊற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, மறுபடி நீர் ஊற்றி அலசினால் பொருக்கு தானே இளகும். நகம் படக்கூடாது, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் அந்தத் தாளில் விடுபட்டிருக்கும். சிவந்தால் மருத்துவரிடம் வாருங்கள் என்று எழுதியிருப்பார்கள். கருந்தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஊதா அல்லது அடர் கறுப்பாக மாறும் திட்டு, தொட்டால் சூடு, குறையாமல் கூடுகிற வலி, சீழ் ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். நிறத்துக்காகக் காத்திருந்தால் தொற்று முற்றிவிடும்.

முளைக்கும் மாதங்களில்தான் சிக்கல்

நட்ட முடி இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிரும். அது இயல்பு; வேர் உள்ளேயே இருக்கிறது. மூன்றாம், நான்காம் மாதத்தில் புது முடி தலைகாட்டும். முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். நேரான முடிக்காரர் இந்தக் காலத்தைப் பொறுமையோடு கழித்தால் போதும். சுருள் முடி அப்படி விடாது. கூரான மெல்லிய நுனி தோலைத் துளைத்து வெளிவந்த கையோடு வளைந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி மறுபடி தோலுக்குள் குத்திக்கொள்ளும். சில முடிகள் வெளியே வராமல் தோலுக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கும். உடம்பு அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கும்போது அரிப்போடு குரு எழும். உற்றுப் பார்த்தால் குருவின் நடுவே கறுப்பு வளையம் ஒன்று தெரியும்.

பலர் அதைப் பருவென்று நினைத்துப் பிதுக்குகிறார்கள், சாமணத்தால் பிடுங்குகிறார்கள். பிடுங்கிய முடி மறுபடி அதே வளைவில் முளைக்கும். பிதுக்கிய புண் கரும்புள்ளியாக நிற்கும், மோசமானால் தழும்பாக இறுகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் ஒத்தடமாக வைத்தால் நுனி பல சமயம் தானே வெளியேறும். குருக்கள் பெருகினாலோ சீழ் கட்டினாலோ மருந்து தேவை. நான்காம் மாதத்தில் ஒரு தோல் மருத்துவர் தலையைப் பார்ப்பதை, இரண்டாம் நாள் நடக்கும் கட்டு மாற்றத்துக்கு நிகரான சிகிச்சையாகவே நான் கருதுகிறேன்.

காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கெலாய்டு தழும்பும் உடனே வருவதில்லை. காயம் ஆறிப் பல மாதம் கழித்துத்தான் பெரும்பாலும் தடிக்கத் தொடங்கும். கருந்தோல் உள்ளவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல் என்பது உண்மை. அதற்காக இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்வது மிகை. காது மடலிலும் மார்பிலும் தோளிலும் வருவதைப்போல் தலைத்தோலில் கெலாய்டு அவ்வளவாக வருவதில்லை. காது குத்திய இடம் தடித்தவர்களும் குடும்பத்தில் கெலாய்டு உள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதலில் சில முடிகளை மட்டும் நட்டுச் சில மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தடிப்பு சிறிதாக இருக்கும்போதே ஸ்டீராய்டு ஊசி போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

பின்னலுக்குத் திரும்பும் நாள்

முன்நெற்றியில் முடி நட்டுக்கொள்ளும் பெண்களில் பலருக்கு முடி கொட்டியதே இழுத்துக் கட்டியதால்தான். கேப்டவுனில் தோல் மருத்துவர் நொன்ஷ்லான்ஷ்லா குமாலோவின் குழு நடத்திய ஆய்வில், வயது வந்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஓர முடி கழிந்திருந்தது தெரியவந்தது. அடர்ந்த பின்னல்கள் முடி ஒடிவதைத் தடுக்கின்றன, ஆகவே நட்ட முடிக்கும் நல்லதுதான் என்று வாதிடுவோர் உண்டு. தண்டுக்கு அது நன்மை செய்வது மெய். ஆனால் இழுவை தண்டோடு நிற்பதில்லை, வேர்வரை போகிறது. அதோடு ஒட்டுமுடியின் எடையும் விக்கின் பசையும் சேர்ந்துவிட்டால், முதல் முறை முடியைக் கழித்த அதே காரணம் புதிய முடியையும் கழிக்கும். பின்னி முடித்த அன்று இரவு நெற்றி ஓரத்தில் வலித்தாலோ சிறு குருக்கள் எழுந்தாலோ அந்தப் பின்னலை அவிழ்த்துவிட வேண்டும். நட்ட பகுதியில் பின்னலும் ஒட்டுமுடியும் முடியை நேராக்கும் காரப்பூச்சும் மாதக்கணக்கில் வேண்டாம். மருத்துவர் தலையைப் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்கலாம், அப்போதும் தளர்வாக. தூங்கும்போது சாட்டின் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளும் வழக்கம் நல்லது; நட்ட இடம் ஆறிய பிறகு அதைத் தாராளமாகத் தொடரலாம்.

உச்சியில் தொடங்கி வட்டமாகப் பரவி மயிர்க்கால்களைத் தழும்பாக்கும் இன்னொரு நோய் கறுப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. முடித்தண்டின் உருவாக்கத்தில் பங்குள்ள ஒரு மரபணுவின் மாறுதல்களுக்கும் அதற்கும் தொடர்பிருப்பதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நோய் அடங்காத தலையில் நட்ட முடி நிற்காது. அடங்கிய பின் நட்டாலும் நோய் திரும்பக்கூடும். உச்சியில் எரிச்சலோ தொட்டால் வலியோ வந்தால், எத்தனை ஆண்டு கழித்தானாலும் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நான்காம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் என் தலையை நேரில் பார்க்கப்போவது யார்? சிகிச்சை நடக்கும் ஊரிலோ உங்கள் ஊரிலோ ஒரு மருத்துவரின் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் நாள் குறிக்காதீர்கள்.