ஆதாரத்தைத் தேடக் கற்போம்: பஞ்சமி நில ஆய்வும் மின்னூலகங்களும்

‘இது பஞ்சமி நிலம்’ என்று நாம் சொல்லும்போதெல்லாம் எதிர்வரும் முதல் கேள்வி, ‘ஆதாரம் எங்கே?’ என்பதே. ஊர்ப் பெரியவர்களின் நினைவு நமக்குப் போதுமானது. அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அது போதாது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் வயல்வெளிகள் பலவும் தொழிற்பேட்டைகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறிவிட்டன. நிலமே உருமாறிய இடத்தில் எஞ்சியிருக்கும் சாட்சி ஆவணம் மட்டுமே. ஆகவே ஆவணத்தைத் தேடும் பயிற்சி, பட்டத்துக்கான கல்வி என்பதைத் தாண்டி, உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியாகிறது.

இந்தத் தேடலின் தொடக்கம் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010ஆம் எண் அரசாணை வந்தது. பின்னர் வழங்கப்பட்ட நிலங்களுக்கு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன: முதல் 10 ஆண்டுகள் எவருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். இந்த நிலங்களை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

மின்னூலகத்தில் தேடுவோர் கற்க வேண்டிய முதல் பாடம், காலத்துக்கேற்ற பெயரை அறிவது. ‘அம்பத்தூர், சென்னை மாவட்டம்’ என்று தேடினால் பழைய ஆவணம் எதுவும் கிடைக்காது. 1997 வரை இம்மூன்று ஊர்களும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன; பின்னர் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடும் 2018இல் சென்னை மாவட்டத்தோடும் இணைந்தது. ஆங்கிலேயர் செங்கல்பட்டைச் ‘சிங்கிள்புட்’ என்றே எழுதினர். அந்த எழுத்துக்கூட்டலை ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால்தான், 1879இல் குரோல் எழுதிய மாவட்டக் கையேடு போன்றவை இன்டர்நெட் ஆர்க்கைவ் முதலிய தளங்களில் அகப்படும்.

ஊருக்கு மட்டுமன்று, நமக்கும் இது பொருந்தும். அரசு நம்மை ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பெயரால் எழுதிவைத்தது: பறையர், பஞ்சமர், ஒடுக்கப்பட்ட வகுப்பினர். ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை, எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு ஏற்றது. ‘பட்டியல் சாதி’ 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தோடு வந்தது. ‘தலித்’ என்று மட்டும் தேடினால் 19ஆம் நூற்றாண்டின் கோப்புகள் திறவா. இழிவின் சுமையேறிய சொல்லைத் தட்டச்சு செய்ய விரல் தயங்கலாம்; ஆயினும் நமது நிலத்தின் கணக்கு அந்தச் சொல்லுக்குக் கீழேதான் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாம் பாடம், கூற்றிலிருந்து மூலத்துக்குச் செல்வது. பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று மேடைகளில் கேட்கிறோம். அதை எழுதுமுன் கேட்க வேண்டியவை: இந்த எண் எந்த ஆவணத்தில் உள்ளது? எந்த ஆண்டுக் கணக்கு? சென்னை மாகாணம் முழுமைக்குமா, இன்றைய தமிழ்நாட்டுக்கு மட்டுமா? எதிர்த்தரப்பு கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்வது நல்லது. ஆய்வு நூல்களின் அடிக்குறிப்புகள் இதற்குக் கைகொடுக்கும். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ‘தி பறையா பிராப்ளம்’ நூலின் அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்தாலே எந்தத் துறையின் எந்தக் கோப்பைக் கேட்பது என்பது தெளிவாகும். பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா தளமும், பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் கட்டணமின்றித் திறந்துள்ளன.

மூன்றாம் பாடம், இல்லாமையைச் சரியாகப் படிப்பது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைத் தந்தால் அரசின் மின்சேவைத் தளத்தில் ‘அ’ பதிவேட்டைப் பார்க்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்க விவரம் காணலாம். ஆனால் இன்றைய பதிவேடு, 1980களில் நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தையது. அதில் நிபந்தனைக் குறிப்பு இல்லை என்பதாலேயே அது என்றுமே இருந்ததில்லை என்று ஆகிவிடாது. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டை, அதாவது எஸ்.எல்.ஆரை, ஒப்பிட்டாக வேண்டும். நகர நில அளவை நடந்த பகுதிகளில் பழைய புல எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பையும் கேட்டுப் பெற வேண்டும். இணையத்தில் இல்லாதவற்றுக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளது: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான கெடு 30 நாள். ‘பஞ்சமி நிலங்களின் விவரம் தருக’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, கிராமத்தையும் பழைய புல எண்ணையும் பதிவேட்டின் பெயரையும் குறித்துக் கேட்டால் மழுப்புவது கடினம்.

அணுகலிலும் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டம், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்குத் திறந்துவிட்டது. ஆவடி, பூந்தமல்லி சாலைகளில் நிறைந்திருக்கும் தனியார் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் அதில் சேரவில்லை. இத்திட்டத்தை எல்லா மாணவர்க்கும் விரிவாக்கக் கோருவதும் நமது கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும்.

அதுவரை கையில் உள்ளதைக் கொண்டு தொடங்கலாம். ஒரு கிராமம், ஒரு புல எண், ஒரு குறிப்பேடு. எந்தத் தளத்தில், எந்தச் சொல்லை இட்டு, எந்த நாளில் தேடினோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என ஒவ்வொன்றையும் எழுதி வைப்போம். இன்று நாம் விட்ட இடத்திலிருந்து நாளை மற்றொருவர் தொடர அந்தக் குறிப்பேடு போதும்.