சர்க்கரை இறுக்கும் மூட்டுகள்

இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்புங்கள். முழங்கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தி, முன்கைகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வையுங்கள். விரல்கள் அடியிலிருந்து நுனிவரை இடைவெளி இல்லாமல் ஒட்டுகின்றனவா? நெடுநாள் சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு ஒட்டாது. முதலில் சுண்டுவிரல்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியும், பிறகு மோதிர விரல்களுக்கு நடுவே. வலி இருக்காது என்பதால் பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதே இல்லை.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் குழந்தைகள் நல மருத்துவராக இருந்த ஆர்லன் ரோசன்புளூம், 1970களில் சர்க்கரை நோய் உள்ள சிறுவர்களின் கைகளில் இந்த இறுக்கத்தைப் பார்த்தார். அவரும் சக மருத்துவர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வு, மூட்டு இறுகியவர்களையும் இறுகாதவர்களையும் ஒப்பிட்டது. நோய் தொடங்கி 16 ஆண்டுகள் ஆனபோது, கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண் ரத்தக் குழாய்கள் பாதிக்கப்படும் வாய்ப்பு இறுகியவர்களுக்கு 83 சதவீதம், மற்றவர்களுக்கு 25 சதவீதம். விரல் மடங்காமல் நிமிர்கிறதா என்று பார்க்கும் ஒரு நிமிடச் சோதனை, உடலுக்குள் நடப்பதைச் சொல்லிவிட்டது.

காரணம் எளிய வேதியியல். ரத்தத்தில் மிகுந்திருக்கும் குளுக்கோஸ் புரதங்களின்மேல் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்மேல் ஒட்டுவதைத்தான் ‘மூன்று மாத சர்க்கரை’ என்று ஆய்வகத்தில் அளக்கிறோம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது அழியும்போது ஒட்டிய சர்க்கரையும் போய்விடும். மூட்டு உறை, தசைநாண், தோல் ஆகியவற்றில் இருக்கும் கொலாஜன் அப்படியல்ல. அது ஆண்டுக்கணக்கில் மாறாமல் கிடக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை, காலப்போக்கில் பக்கத்துப் பக்கத்து இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. வழுக்கி நகர வேண்டிய இழைகள் கட்டுண்டு விறைக்கின்றன.

விரலைவிட அதிகமாக மக்களை அழவைப்பது தோள். பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை, தலை வார முடியவில்லை, பின்பக்கம் ஊக்கு மாட்ட முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது உறைந்த தோள் என்கிறார்கள் மருத்துவர்கள். பொதுவாக 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு வருவது, சர்க்கரை நோயாளிகளில் 100க்கு 10 முதல் 20 பேருக்கு வருகிறது என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் தோள் வலியை ‘வயசானா வர்றதுதானே’ என்று தள்ளிவிட மனம் வராது.

ஆனால், கை தூக்க முடியாத தோளெல்லாம் உறைந்த தோள் இல்லை. பிரித்தறிய அளக்க வேண்டும். பிசியோதெரபிஸ்டின் மேசையில் இருக்கும் கோனியோமீட்டர், பள்ளி ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானிக்கு இரண்டு நீண்ட கைகள் முளைத்ததுபோல இருக்கும். அதன் நடுப்புள்ளியை மூட்டின் அச்சில் வைத்து, ஒரு கையை அசையாத பகுதியோடும் மறு கையை அசையும் எலும்போடும் பொருத்தினால் டிகிரி கிடைக்கும். முதலில் நோயாளி தானே அசைக்கிறார். பிறகு, அவர் தளர்ந்திருக்க, சிகிச்சையாளர் அசைக்கிறார். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. தானாகத் தூக்கினால் 70 டிகிரி, அடுத்தவர் தூக்கினால் 160 டிகிரி என்றால் மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. தசைநாண் கிழிந்திருக்கலாம், நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இரண்டுமே 70இல் நின்றுவிட்டால் பெரும்பாலும் மூட்டு உறை சுருங்கியிருக்கிறது.

உறைந்த தோளில் பெரும்பாலும் முதலில் பறிபோவது மேலே தூக்கும் அசைவு அல்ல, வெளிப்புறம் திருப்பும் அசைவு. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளியே திருப்பிப் பாருங்கள். நல்ல தோள் ஏறக்குறைய 60 டிகிரி திரும்பும். உறைந்த தோள் அதில் பாதியைக்கூட எட்டாமல் நிற்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் மூட்டுத் தேய்மானம் போன்ற வேறு காரணம் இல்லை என்று உறுதிப்படுத்த எக்ஸ்ரே தேவை.

அளப்பதில் உடல் நம்மை ஏமாற்றும். கையை முழுதாக 180 டிகிரி உயர்த்தும்போது தோள் மூட்டு தருவது ஏறக்குறைய 120 டிகிரிதான்; மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு முதுகின்மேல் நகர்வதால் வருகிறது. மூட்டு இறுகியவர் தோள்பட்டையைக் காதுவரை ஏற்றி, இடுப்பையும் சாய்த்துக் கையை உயர்த்திக் காட்டிவிடுவார். அதனால்தான் நல்ல சிகிச்சையாளர் படுக்கவைத்து, தோள்பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளக்கிறார். கைபேசிச் செயலிகளும் சாய்வை ஓரளவு சரியாகவே காட்டும். எந்தக் கருவியானாலும் 5 டிகிரி முன்பின் ஆவது சகஜம். போன வாரம் 92, இந்த வாரம் 95 என்பதை முன்னேற்றமாக எண்ண வேண்டாம். அதே ஆள், அதே நிலையில் அளந்து 10 டிகிரி கூடியிருந்தால் தாராளமாக மகிழலாம்.

‘வலிச்சாலும் பரவாயில்லை, இழுத்துவிட்டா சரியாயிடும்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். எண்ணெய் தடவிக் கையை முறுக்கிவிடுகிறவர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களிடம் கையைக் கொடுக்காதீர்கள். நெதர்லாந்தில் 77 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், வலி எல்லைக்குள் மென்மையாகப் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குத் தோள் ஏறக்குறைய இயல்புநிலைக்குத் திரும்பியது. வலியைத் தாண்டி இழுத்துச் சிகிச்சை பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்கே அது கிடைத்தது. உறை அழன்றிருக்கும் கட்டத்தில் பலவந்தம் அந்த அழற்சியைக் கிளறிவிடுகிறது.

ஆகவே வலி கொதிக்கும் முதல் மாதங்களில் முன்னால் குனிந்து கையைத் தளரத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது போன்ற எளிய பயிற்சிகள் போதும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி இக்கட்டத்தில் வலியை நன்றாகவே குறைக்கும். ஆனால் சில நாள்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும் என்பதால் மருத்துவரிடம் சர்க்கரை நோயை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சியபின் நீட்டல் பயிற்சிகளைக் கூட்டலாம். ஒவ்வொரு நீட்டலையும் 30 விநாடி பிடித்தால் போதும். முதல் சில வாரங்களில் கூடுகிற டிகிரிகளில் பெரும்பங்கு தசை நீண்டதால் வருவதல்ல. அந்த இழுவையை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்ளப் பழகியதால் வருவது. நிறுத்தினால் அது குறைந்துபோகும் என்பதால் கிடைத்த அசைவை அன்றாட வேலையில் பயன்படுத்த வேண்டும். உயரமான அலமாரியிலிருந்து பாத்திரம் எடுப்பதும் பயிற்சிதான். ஓரிரு ஆண்டுகள் பிடிக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் மெதுவாகவே இளகும்.

தோள் வலித்துச் சொல்லிவிடும்; கணுக்கால் சொல்லாது. நடக்கும்போது குதிகால் எழுவதற்குமுன் கணுக்கால் மேல்நோக்கி சுமார் 10 டிகிரியாவது மடங்க வேண்டும். குதிகால் நாண் விறைத்து அது மடங்காவிட்டால் உடலின் எடை முன்னங்காலின் அடியில் அளவுக்கு மீறி விழும். ஏற்கெனவே மரத்துப்போன பாதத்தில் அந்த இடம்தான் புண்ணாகிறது. அமெரிக்காவில் இத்தகைய புண் உள்ள 64 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், மாவுக்கட்டு மட்டும் போட்டு ஆறியவர்களில் 59 சதவீதம் பேருக்கு ஏழு மாதங்களுக்குள் புண் திரும்பியது. குதிகால் நாணை அறுவை சிகிச்சையால் நீட்டியவர்களில் 15 சதவீதம் பேருக்கே திரும்பியது. கணுக்காலுக்குக் கிடைத்த சில டிகிரி அசைவு பாதத்தைக் காத்திருக்கிறது.

சர்க்கரை மருத்துவமனைகளில் பாதத்தின் உணர்வைச் சோதிக்கிறார்கள். கணுக்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதையும், தோள் எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதையும் கோப்பில் எழுதச் சொல்லி நோயாளியே கேட்கலாம். வீட்டில் சுவரைப் பிடித்து நின்று கெண்டைக்காலை நீட்ட விரும்புகிறவர்கள் செருப்போ ஷூவோ அணிந்தே செய்யுங்கள். பாதத்தில் புண்ணோ, புதிதாக வீக்கமோ சூடோ இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.