ஒரே சொண்டு, பல தொழில்

ஐந்திணை வகுத்த நம் முன்னோர், ஒவ்வொரு நிலத்துக்குமுரிய கருப்பொருள்களில் பறவையையும் ஒன்றாக வைத்தனர். குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் காட்டுக்கோழி, நெய்தலுக்குக் கடற்காகம் என்று அந்த வரிசை செல்லும். நிலமும் அங்கு கிடைக்கும் உணவும் பறவையை உருவாக்குகின்றன என்பதை உயிரியல் விஞ்ஞானமும் வேறொரு பாதையால் வந்து சொல்கிறது. அதற்கு அது காட்டும் புகழ்பெற்ற சான்று, டார்வினின் பிஞ்ச் குருவிகள். அந்தக் குருவிக் குடும்பத்திலே பலரும் மறந்துவிடும் உறவினர் ஒருவர் இருக்கிறார். மழைக்காட்டில் வாழும் அந்தச் சிறு குருவியைப் பற்றியே, நேயர்களே, இன்று பேசப்போகிறோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பிஞ்ச் என்றதும் மாம்பிஞ்சும் வாழைப்பிஞ்சும் நம் நினைவுக்கு வரலாம். இது ஆங்கிலப் பெயர். தடித்த கூம்புச் சொண்டால் தானியம் கொத்தும் சிறு குருவிகளை அவ்வாறு அழைப்பர். டார்வினின் குருவிகளோ அசல் பிஞ்ச் குடும்பத்தவையல்ல. அமெரிக்கக் கண்டத்துக்குரிய தனாகர் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1936 இல் பேர்சி லோ என்ற பறவையியலாளர் சூட்டிய ‘டார்வினின் பிஞ்ச்கள்’ என்ற பெயர், 1947 இல் டேவிட் லாக் அதே தலைப்பில் எழுதிய நூலால் நிலைத்துவிட்டது.

இக்குருவிகளின் பிறந்தகம் எக்குவடோர் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுக்கூட்டம். டார்வின் அங்கு சென்றது 1835 ஆம் ஆண்டில். தென் அமெரிக்கக் கரையிலிருந்து எப்போதோ வந்து சேர்ந்த ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள், தீவுக்குத் தீவு பிரிந்து, இன்று ஒரு டசினுக்கு மேற்பட்ட இனங்களாகப் பெருகியுள்ளன. ஒன்றின் சொண்டு பாக்குவெட்டி போல வன்வித்துக்களை உடைக்கும். இன்னொன்றின் மெல்லிய சொண்டு இலைகளிலிருந்து பூச்சி பொறுக்கும். வேறொன்று கள்ளி முள்ளைச் சொண்டில் ஏந்தி மரப்பொந்திலுள்ள புழுவைக் குத்தி எடுக்கும். சுருங்கச் சொன்னால், ஒவ்வோர் இனத்தின் தொழிலும் அதன் சொண்டில் எழுதப்பட்டிருக்கிறது. அச்சொண்டு பரம்பரையாக வருவது. டப்னே மேஜர் என்ற சிறு தீவில் 1973 முதல் ஆய்வு செய்த பீற்றர் கிரான்ற், றோஸ்மேரி கிரான்ற் தம்பதியர் இதை நேரிலே கண்டனர். 1977 இல் கடும் வரட்சி வந்தபோது மிஞ்சியவை பெரும்பாலும் வன்வித்துக்களே. அவற்றை உடைக்கவல்ல பெருஞ்சொண்டுக் குருவிகளே அதிகமாகப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளும் பெருஞ்சொண்டுடன் வளர்ந்தன.

இனி நமது குருவியிடம் வருவோம். கலாபகோசிலிருந்து வடகிழக்கே அறுநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடலைக் கடந்தால் கொக்கோஸ் தீவு. இது கொஸ்தாரிக்கா நாட்டுக்குரியது; அந்நாட்டுக் கரையிலிருந்து ஏறக்குறைய 550 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. பரப்பளவு சுமார் 24 சதுர கிலோமீற்றர் மட்டுமே. கலாபகோசின் தாழ்நிலம் கள்ளி முளைக்கும் வரண்ட பூமி. கொக்கோசிலோ ஆண்டுக்கு ஏழாயிரம் மில்லிமீற்றர் அளவு மழை கொட்டும். கிழக்குப் பசுபிக்கின் வெப்பவலயத் தீவுகளுள் மழைக்காடு உள்ளது இது ஒன்றே. கடற்கொள்ளையர் புதைத்த செல்வம் இங்குண்டு என்ற கதையை நம்பிப் பலர் வந்தனர். ஓகஸ்ட் கிஸ்லர் என்ற ஜேர்மானியர் 1889 முதல் 1908 வரையான காலத்தின் பெரும்பகுதியை இங்கு தோண்டியே கழித்தார். அவருக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்க சில பொற்காசுகளே.

இத்தீவின் உண்மையான செல்வங்களுள் ஒன்று கொக்கோஸ் பிஞ்ச். நீளம் சுமார் 12 சென்ரிமீற்றர்; நிறை பன்னிரண்டு, பதின்மூன்று கிராம். ஆண் முழுக்கறுப்பு; பெண் மண்ணிறத்தில் கீற்றுக்களுடையது. சொண்டு மெலிந்து, கூராகி, சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும். பக்கவாயிலுள்ள உருண்டையான கூட்டைக் கட்டும். மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. ஜோன் கூல்ட் 1843 இல் இதனை விஞ்ஞான உலகுக்கு விபரித்தார். இது டார்வினின் குருவிக் குடும்பத்துள் அடங்குவதென்றும், இதன் மூதாதையர் கலாபகோசிலிருந்து வந்தவர்களென்றும் பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின.

கலாபகோசில் பலவாகப் பிரிந்த குடும்பம், இங்கு மட்டும் ஏன் ஒரே இனமாக நின்றது? ஓரினம் இரண்டாவதற்கு, அதன் ஒரு பகுதி மற்றதிலிருந்து நெடுங்காலம் விலகி வாழவேண்டும். கலாபகோசில் தீவுகளுக்கிடையே உள்ள கடல் அந்த வேலியாயிற்று. கொக்கோசோ தனித்தீவு. அதன் ஒரு மூலையிலுள்ள குருவி மறு மூலையிலுள்ள குருவியோடு இணைசேரத் தடையில்லை. ஆகவே சொண்டில் சிறு வேறுபாடு தோன்றினாலும் அடுத்த தலைமுறைகளில் அது கலந்து மறைந்துவிடும்.

ஆயினும் காட்டில் உணவு பலவகை. அதற்குப் போட்டியிடும் தரைப்பறவைகளோ மிகச் சில. ஒரே சொண்டை வைத்துக்கொண்டு இந்தக் குருவி என்ன செய்கிறது? இதற்கு விடை கண்டவர்கள் ட்ரேசி வேர்னர், தோமஸ் ஷெரி ஆகிய ஆய்வாளர்கள். கால்களில் நிற வளையமிட்டுத் தனித்தனிக் குருவிகளைப் பின்தொடர்ந்து, 1987 இல் தம் முடிவை வெளியிட்டனர். இனம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பூச்சி, சிலந்தி, தேன், பழம், விதை என எதையும் உண்ணும். ஆனால் தனிக்குருவி அப்படியல்ல. ஒன்று நாள்தோறும் இலைகளைத் துழாவும். இன்னொன்று கிளைகளைச் சோதிக்கும். வேறொன்று பூக்களில் தேன் தேடும். ஒரே இடத்தில் அருகருகே இரைதேடும்போதும் அவரவர் தொழில் அவரவருக்கே. வயது, பால், சொண்டின் அளவு ஆகியவற்றால் இவ்வேறுபாட்டை விளக்க முடியவில்லை. இளங்குருவிகள் மூத்தவற்றை ஒட்டித் திரிந்து, அவை செய்வதைக் கவனிப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், தொழில் பார்த்துப் பழகுவதால் வருகிறது என்று கருதினர். கலாபகோசிலே கூர்ப்பு உடலில் செய்த பிரிவினையை, கொக்கோசிலே கல்வி பழக்கத்தில் செய்திருக்கிறது எனலாம்.

தொழிலைப் பிறப்போடு கட்டிப்போட்ட சமூகத்தில் பிறந்த நமக்கு இச்செய்தி இனிக்கும். ஆனால் குருவியைக் காட்டி மனிதருக்கு நீதி சொல்வதில் ஓர் ஆபத்துண்டு. இந்தக் குருவியைக் காட்டி நான் ஒன்று சொன்னால், கலாபகோஸ் குருவியைக் காட்டி இன்னொருவர் நேர்மாறானதைச் சொல்வார். மனிதர் சமம் என்பதற்குக் குருவியின் சாட்சி வேண்டியதில்லை. இக்குருவி காட்டுவது வேறொன்று: பிறப்பிலே கிடைத்த உடல், ஓர் உயிரின் வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்துவிடுவதில்லை.

பார்த்துப் பழகும் வித்தைக்கு ஒரு பலவீனமும் உண்டு. சொண்டு முட்டைக்குள்ளேயே உருவாகிவிடும், பழக்கம் அப்படியன்று. கற்பிக்க மூத்தவர் இருக்கும்வரைதான் அது நிற்கும். கொக்கோசில் இக்குருவி இன்றும் தாராளமாகக் காணப்பட்டாலும், உலகில் வேறெங்கும் கிடையாது. கப்பல்களில் வந்த மனிதர் விட்டுச்சென்ற பன்றி, பூனை, எலி, மான் ஆகியவை காட்டையும் கூடுகளையும் வருத்துகின்றன. கலாபகோசில், வெளியிலிருந்து வந்த ஒரு ஈயின் புழுக்கள் கூட்டிலுள்ள குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சிக் கொல்வது 1997 முதல் அறியப்பட்டுள்ளது. அங்கு ஒரு தீவில் அழிந்தாலும் சில இனங்களுக்கு அயல்தீவு உண்டு. இங்கு அயல்தீவு இல்லை. 1978 இல் கொஸ்தாரிக்கா இத்தீவைத் தேசியப் பூங்காவாக்கியதும், 1997 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததும் ஆறுதல் தருவன. எனினும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இக்குருவியை அழிவபாயத்துக்கு இலக்காகக்கூடிய இனமாகவே கணித்துள்ளது.

புதையல் தேடித் தோண்டியவர்களுக்கு அருகே, அச்சமின்றி இரைதேடியிருக்கக்கூடிய குருவி இது. அவர்கள் தேடியது நிலத்துக்குக் கீழே இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. கிளையிலே இருந்தது இன்னும் இருக்கிறது.